ஆவியாகப் போகும் கணக்கு: ஐதராபாத் மருந்து ஆலைகளின் குளிர்கோபுரங்கள்

மூல மருந்து தயாரிக்கும் ஆலைக்குள் நுழையும் வெப்பம் எல்லாம் ஏதாவது ஒரு வழியில் வெளியேறியாக வேண்டும். வேதிவினை நடக்கும் கலனில் வெப்பம் பிறக்கிறது. பயன்படுத்திய கரைப்பானைக் காய்ச்சி வடித்து மீட்கும்போது, அந்த ஆவியைத் திரும்பவும் திரவமாக்க வெப்பத்தை உருவி எடுக்க வேண்டியிருக்கிறது. குளிரூட்டும் இயந்திரங்கள் உள்ளிருந்து இறைக்கும் வெப்பமும் இதோடு சேரும். இவ்வளவையும் நீரில் ஏற்றி, அந்த நீரைக் காற்றில் ஆற்றி, மீண்டும் உள்ளே அனுப்பும் அமைப்புதான் குளிர்கோபுரம். ஆலைக்காரர்கள் கூலிங் டவர் என்றே சொல்வார்கள். ஐதராபாத்தின் ஜீடிமெட்லா, பொல்லாரம், பாசமைலாரம், படான்செரு தொழிற்பேட்டைகளில் இது இல்லாத மருந்து ஆலை அரிது.

இந்த நகரம் மூல மருந்துக்குப் பெயர் பெற்ற வரலாறு பாலாநகரில் தொடங்குகிறது. 1961-இல் உருவான பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.பி.எல்., தன் செயற்கை மருந்து ஆலையை அங்கே அமைத்தது. அங்கு வேலை கற்ற வேதியியலாளர்கள் பலர் பின்னர் சொந்தத் தொழில் தொடங்கினார்கள். 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி அவர்களில் ஒருவர். மருந்துத் தொழில் வேர்விட்ட இடமோ கடலோ பேராறோ பக்கத்தில் இல்லாத, கடல்மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கருங்கல் பீடபூமி. குளிர்கோபுரம் இங்கே பெறும் முக்கியத்துவத்துக்கு இந்த நிலவியலே காரணம்.

நீர்நிலை பக்கத்தில் இருந்தால் கோபுரமே தேவைப்படாமல் போகலாம். நீரை எடுத்து, இயந்திரத்தைக் குளிர்வித்து, வெந்நீரை அப்படியே திருப்பி விடுவது பழைய வழக்கம். ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் நிஜாம் காலத்தில், 1920 வாக்கில், அனல்மின் நிலையம் அமைந்தது. ஏரியை ஒட்டி மின் நிலையம் கட்டுவது அக்காலத்தில் இயல்பான முடிவு. ஆனால் வெந்நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைவு. மீன்களும் நுண்ணுயிர்களும் தாங்கும் வெப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆலைக் கழிவுநீர், அது சேரும் நீர்நிலையின் வெப்பநிலையைவிட 5 டிகிரிக்கு மேல் கூடியிருக்கக் கூடாது என்பது இந்தியச் சுற்றுச்சூழல் விதி. உள்நாட்டு அனல்மின் நிலையங்கள் ஒருமுறை நீரெடுத்து விடும் முறையைக் கைவிட்டுக் கோபுரம் கட்ட வேண்டும் என்று 2015 டிசம்பரில் நடுவண் அரசு அறிவிக்கை வெளியிட்டது. கடல்நீரைப் பயன்படுத்தும் நிலையங்களுக்கு மட்டும் விலக்கு.

கோபுரம் வேலை செய்யும் விதம் மண்பானை வேலை செய்யும் விதமேதான். நீரில் ஒரு சிறு பகுதி ஆவியாகும்போது மிஞ்சிய நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வேண்டும். ஆகவே கொஞ்சம் நீர் ஆவியானால் நிறைய நீர் குளிரும். ஆலையிலிருந்து வரும் சூடான நீரை மேலே ஏற்றித் தெளிக்கிறார்கள். அது தேன்கூடு போல் மடிப்பு மடிப்பாக அடுக்கிய பி.வி.சி. தகடுகளின் மீது மெல்லிய படலமாக வழிகிறது. உச்சியிலுள்ள பெரிய விசிறி கீழிருந்து காற்றை இழுக்கிறது. அடித்தொட்டியில் சேரும் குளிர்ந்த நீரை பம்பு மறுபடியும் உள்ளே அனுப்புகிறது. மருந்து ஆலைகளில் காணப்படுவது பெரும்பாலும் கண்ணாடியிழை பிளாஸ்டிக்கில் செய்த சதுரப் பெட்டியோ, குட்டையான பாட்டில் வடிவமோதான். நெய்வேலியிலும் மேட்டூரிலும் தெரியும் இடைசிறுத்த கான்கிரீட் பூதங்கள் வேறு ரகம். விசிறி இல்லாமல் உயரத்தால் மட்டுமே காற்றை இழுக்கும் அந்த வடிவத்தை நெதர்லாந்தின் வான் இட்டர்சனும் கியூப்பர்ஸும் வகுத்தார்கள். முதல் கோபுரம் 1918-இல் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் எழுந்தது. மின் நிலையங்களுக்கு அது பொருந்தும். மருந்து ஆலையின் அளவுக்கு அது கட்டுப்படியாகாது.

கோபுரம் நீரை எவ்வளவு குளிர்விக்கும் என்பதைத் தீர்மானிப்பது வெயில் அல்ல, ஈரம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். எந்தக் கோபுரமும் நீரை அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. நல்ல கோபுரம் அதற்கு மூன்று நான்கு டிகிரி மேலே நிறுத்தும். மே மாத ஐதராபாத்தில் வெயில் 40 டிகிரி இருக்கும்போது காற்றின் ஈரப்பதம் 25 விழுக்காடு என்றால், ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 24 டிகிரிதான். ஜூலையில் 30 டிகிரியும் 75 விழுக்காடு ஈரமும் இருந்தால் அது 26 டிகிரிக்கு ஏறிவிடும். கோபுரத்துக்குக் கடினமான மாதம் கத்திரி வெயில் காயும் மே அல்ல, மழைக்காலம். சென்னைக் கோடையில் இது 28, 29 வரை போவதால், அதே கோபுரம் சென்னையில் தரும் நீர் ஐதராபாத் நீரைவிட நான்கைந்து டிகிரி சூடாக இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குளிர்ப்பு நன்றாக நடக்கும் மே மாதத்தில்தான் ஆவியாதலும் உச்சத்தில் இருக்கும். காற்றே நீரைவிடச் சூடாக இருப்பதால் காற்றோடு உரசி ஆறும் பங்கு இல்லாமல் போகிறது. முழுச் சுமையும் ஆவியாதலின் தலையில் விழுகிறது. நகரத்தில் தண்ணீர் அரிதாகும் மாதமும் அதுவே.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அளவு புரியும். மணிக்குப் பத்து லட்சம் லிட்டர் நீர் சுற்றும் ஒரு கோபுரம் அதை 5 டிகிரி குளிர்விக்கிறது என்று கொள்வோம். மணிக்கு ஏறத்தாழ 7,500 லிட்டர் ஆவியாகும். நாளொன்றுக்கு 1.8 லட்சம் லிட்டர். போவது தூய நீராவி மட்டும்தான். நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு, குளோரைடு, சிலிக்கா எல்லாம் தொட்டியிலேயே தங்கிச் செறிந்துகொண்டே போகும். அதைத் தடுக்க அவ்வப்போது ஒரு பகுதியைத் திறந்துவிட்டுப் புது நீர் சேர்க்க வேண்டும். திறந்துவிடும் நீருக்கு ப்ளோடவுன் என்றும், சேர்க்கும் நீருக்கு மேக்கப் என்றும் ஆலையில் பெயர். தொட்டி நீரின் உப்புச் செறிவு மேக்கப் நீரைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் செறிவுச் சுழற்சி எண். கோபுரத்தை நடத்துபவர் நாள்தோறும் கவனிக்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். மேற்சொன்ன கோபுரத்தை இரண்டு மடங்கில் ஓட்டினால் நாளைக்கு 3.6 லட்சம் லிட்டர் மேக்கப் வேண்டும். நான்கு மடங்கில் 2.4 லட்சம் போதும். 5,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் நாளைக்கு 24 லாரி மிச்சம். ஆனால் நான்கிலிருந்து எட்டுக்கு உயர்த்தினால் மேலும் ஏழு லாரிதான் குறையும். எவ்வளவு உயர்த்தினாலும் ஆவியாகும் 1.8 லட்சம் லிட்டர் குறையாது.

இந்த எண்ணை உயர்த்த விடாமல் தடுப்பது பீடபூமியின் பாறை. கருங்கல் இடுக்குகளில் ஊறிய போர்வெல் நீரில் கடினத்தன்மையும் சிலிக்காவும் உண்டு. தொட்டி நீரில் சிலிக்கா லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் படிவு விழத் தொடங்கும் என்பது இத்துறையின் நடைமுறை வரம்பு. போர்வெல் நீரில் 40 மில்லிகிராம் இருந்தால் நான்காவது மடங்கிலேயே எல்லை தாண்டிவிடும். சுண்ணாம்புப் படிவை அமிலத்தால் கரைக்கலாம். சிலிக்காப் படிவு கண்ணாடி போல் ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. படிவு ஏறிய குழாய் வழியே வெப்பம் சரியாகக் கடக்காது. அதன் விளைவை மருந்து ஆலையில் முதலில் காட்டுவது கரைப்பான் மீட்பு நிலையம். ஆவியைத் திரவமாக்கும் கருவிக்குக் கண்டென்ஸர் என்று பெயர். கோபுர நீரில் இயங்கும் முதல் கண்டென்ஸர் ஆவியை முழுதாகப் பிடிக்காமல் விட்டால், மிச்சம் உறைகுளிர் உப்புநீரில் இயங்கும் அடுத்த கண்டென்ஸருக்குப் போகும். அதையும் தாண்டினால் டொலுவீன், மெத்திலீன் குளோரைடு போன்ற கரைப்பான் காற்றில் கலக்கும். கோபுரப் பராமரிப்பில் விடும் குறை இப்படித்தான் காற்று மாசாக மாறுகிறது.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதும் இக்கணக்கின் பகுதி. 1908-இல் மூசி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் கட்டப்பட்டன. அவை போதாமல் மஞ்சீரா, சிங்கூர் என்று நகரம் நீருக்காக வெளியே கை நீட்டியது. 2004 முதல் கிருஷ்ணா நீரும், 2015 முதல் எல்லம்பள்ளியிலிருந்து கோதாவரி நீரும் நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வந்து, பீடபூமியின் மேல் ஏற்றப்படுகின்றன. ஐதராபாத்தில் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்குவது, அதை மேலேற்றச் செலவான மின்சாரத்தையும் சேர்த்து ஆவியாக்குவதுதான். சட்டம் இதை நெடுங்காலம் பெரிதாகக் கருதவில்லை. 1977-ஆம் ஆண்டின் நீர்த் தீர்வைச் சட்டம், பொருளைத் தயாரிக்கையில் மாசுபடும் நீரைவிடக் குளிர்விக்கும் நீருக்குக் குறைந்த வீதமே விதித்தது. சரக்கு சேவை வரி வந்த 2017-இல் அந்தத் தீர்வையும் ஒழிந்தது. குளிர்விக்கும் நீர் சுத்தமான நீர், அதனால் தீங்கில்லை என்ற எண்ணம் ஆலைகளில் இன்னும் பரவலாக உண்டு.

அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதை மருந்து ஆலைகளின் கழிவுநீர் வரலாறு காட்டுகிறது. படான்செரு, பொல்லாரம் ஆலைகளின் கழிவு நக்கவாகு ஓடை வழியே மஞ்சீரா பக்கம் போய்ச் சேர்ந்தது உச்ச நீதிமன்றம் வரை வழக்கானது. ஜீடிமெட்லாவிலும் படான்செருவிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2007-இல் ஸ்வீடனின் ஜோக்கிம் லார்சன் குழு, படான்செரு நிலையம் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக ஆய்விதழில் வெளியிட்டது. நோயாளியின் ரத்தத்தில் காணும் மருந்தளவைவிட அது அதிகம். இத்தகைய அழுத்தங்களால், ஒரு சொட்டும் வெளியேற்றாத ஏற்பாடு மூல மருந்து ஆலைகளிடம் கேட்கப்பட்டது. ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ், சுருக்கமாக ஜெட்.எல்.டி.

ஜெட்.எல்.டி. ஆலையில் கழிவுநீரை உப்பு மிகுந்தது, குறைந்தது என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். உப்பு மிகுந்த நீரிலிருந்து முதலில் கரைப்பானை நீக்கி, பல அடுக்கு ஆவியாக்கியில் சுண்டக் காய்ச்சி, கடைசியில் உலர்ந்த உப்பாக எடுக்கிறார்கள். அந்த உப்பு நகரின் வடக்கே துண்டிகலில் உள்ள அபாயக் கழிவு நிலத்துக்குப் போகிறது. உப்பு குறைந்த பிரிவில்தான் கோபுர ப்ளோடவுன் சேர்கிறது. அது உயிரியல் சுத்திகரிப்பையும் ஆர்.ஓ. சவ்வையும் கடந்து தெளிந்த நீராகிறது. இப்படி மீட்ட நீரெல்லாம் எங்கே போகிறது? மருந்து தயாரிப்பில் அதைச் சேர்க்கத் தர விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே அது கோபுரத்துக்கே மேக்கப் நீராகப் போகிறது. ஒரு சொட்டும் வெளியேறவில்லை என்று ஆலை சொல்ல முடிவது, கோபுரம் நாள்தோறும் அந்நீரை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பதால்தான். ஆலையிலேயே அதிகம் நீர் குடிக்கும் இடமும் ஆலையின் கண்ணுக்குத் தெரியாத வடிகாலும் ஒன்றே.

இதற்கு விலை உண்டு. மேற்கண்ட கோபுரம் நான்கு மடங்கில் ஓடுகிறது, மேக்கப் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு இருக்கிறது என்றால், நாளைக்கு 120 கிலோ உப்பு உள்ளே வருகிறது. ஆவி அதைத் தூக்கிக்கொண்டு போகாது. அது ஆர்.ஓ. ஒதுக்கும் உவர்நீரில் சேர்ந்து ஆவியாக்கிக்குப் போகும். அங்கே அதைச் சுண்டவைக்க நீராவி வேண்டும், நீராவிக்குக் கொதிகலனில் நிலக்கரி எரிய வேண்டும். ஆவியாக்கியின் கடைசி அடுக்கிலிருந்து வரும் ஆவியைத் திரவமாக்கும் கண்டென்ஸருக்குக் குளிர்ந்த நீர் தருவதும் கோபுரமே. கோபுரத்தின் கழிவைக் கையாளக் கோபுரத்தின் சுமையே கூடுகிறது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது காற்று. மீட்ட நீரில் அம்மோனியாவோ கரைப்பான் எச்சமோ இருந்தால், குளிர்கோபுரம் அவற்றைப் பிரித்தெடுக்கும் கருவியாகவே மாறிவிடும். மெல்லிய நீர்ப்படலமும் எதிரே வீசும் காற்றும் சேர்ந்த இந்த அமைப்பு, எளிதில் ஆவியாகும் எதையும் நீரிலிருந்து உரித்தெடுக்கும். வேதிப்பொறியியலில் இதே வேலைக்கென்று தனிக் கோபுரங்களே கட்டுவார்கள். கண்டென்ஸர் குழாயில் மயிரிழைத் துளை விழுந்து கரைப்பான் கோபுர நீரில் கசிந்தாலும் இதுவே நடக்கும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கோபுரத்துக்குத் திரும்பும் நீரைக் காற்றால் உரித்துப் பார்த்துக் கசிவை அளக்கும் எல் பாசோ முறை டெக்ஸாஸில் உருவானது. நீரைக் காப்பாற்றும் ஏற்பாடு காற்றைக் கெடுக்கிறதா என்று அறிய, கோபுர நீரில் கரிமப் பொருள்களை அடிக்கடி சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காற்றோடு நீர்த்துளிகளும் பறக்கும். இதை ட்ரிஃப்ட் என்பார்கள். வளைந்து வளைந்து செல்லும் தடுப்புத் தகடுகள் இதைச் சுற்றும் நீரில் 0.005 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கிவிடும். தகடு உடைந்தால், நீரில் உள்ள அத்தனையும் அக்கம்பக்கத்தில் படியும். அரிப்பைத் தடுக்க ஒருகாலத்தில் உலகமெங்கும் குரோமேட் சேர்த்தார்கள். அதிலுள்ள அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் தருவது. அமெரிக்கா 1990-இல் கட்டடங்களின் கோபுரங்களிலும், 1994-இல் ஆலைக் கோபுரங்களிலும் அதைத் தடைசெய்தது. இந்தியாவில் அனல்மின் நிலையக் கோபுர ப்ளோடவுனுக்கு லிட்டருக்குக் குரோமியம் 0.2, துத்தநாகம் 1, பாஸ்பேட் 5, குளோரின் 0.5 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. குரோமேட்டின் இடத்தைப் பிடித்தவை துத்தநாகமும் பாஸ்பேட்டும்தான் என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது. பாஸ்பேட் ஏரிக்குப் போனால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் தீனி.

துளியில் வரும் பெரிய ஆபத்து உயிருள்ளது. 1976-இல் ஃபிலடெல்ஃபியா விடுதி ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய நுரையீரல் நோய்க்குக் காரணமான பாக்டீரியா அடுத்த ஆண்டு கண்டறியப்பட்டு லெஜியனெல்லா என்று பெயர் பெற்றது. 25 முதல் 45 டிகிரி வரையான நீரும், வழவழப்பான நுண்ணுயிர்ப் படலமும் அதற்குத் தோது. குளிர்கோபுரத் தொட்டி இரண்டையும் தருகிறது. ஆலைத் தொழிலுக்கு இதில் பாடம் பிரான்ஸின் ஆர்ன் ஊர். 2003 நவம்பர் முதல் 2004 ஜனவரி வரை அங்கிருந்த பெட்ரோ வேதிப்பொருள் ஆலையின் கோபுரங்களிலிருந்து பரவிய தொற்றில் 86 பேர் நோயுற்றார்கள், 18 பேர் இறந்தார்கள். ஆலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் வசித்தவர்களுக்கும் தொற்றியது. உயரழுத்த நீரால் கோபுரத்தைக் கழுவியபோதே கிருமி மேலும் பரவியதாக ஆய்வாளர்கள் கருதினார்கள். பிரான்ஸ் அதே 2004-இல் கோபுரங்களைத் தனி ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. நியூயார்க் நகரம் 2015-இல் சவுத் பிராங்ஸ் தொற்றுக்குப் பிறகு ஒவ்வொரு கோபுரத்தையும் பதிவு செய்யக் கட்டாயமாக்கியது. பொல்லாரத்தைச் சுற்றி இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. ஆலைகள் வந்த காலத்தில் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த வெற்றிடம் இப்போது இல்லை.

நீரே இல்லாமல் காற்றால் மட்டும் குளிர்விக்கலாமே என்ற கேள்வி இயல்பானது. ஒரு டன் குளிரூட்டலை ஒரு மணி நேரம் நடத்த, சில்லர் எனப்படும் குளிரூட்டும் இயந்திரம் நீரில் இயங்கும் நல்ல வகையாக இருந்தால் அதற்கு 0.6 யூனிட் மின்சாரமும், கோபுரத்தில் ஆவியும் ப்ளோடவுனுமாக ஏறத்தாழ 8 லிட்டர் நீரும் செலவாகும். காற்றில் இயங்கும் சில்லருக்கு நீர் வேண்டாம், மின்சாரம் 1.1 யூனிட்டுக்கு மேல் வேண்டும். கூடுதலான அந்த அரை யூனிட்டை ராமகுண்டம் போன்ற நிலக்கரி நிலையம் தந்தால், யூனிட்டுக்கு 3.5 லிட்டர் என்ற அரசு வரம்பின்படி அங்கே ஒன்றே முக்கால் லிட்டர் வரை நீர் செலவாகும். கரியமில வாயுவும் ஏறத்தாழ அரைக் கிலோ அளவில் கூடும். ஐதராபாத்துக்கு நீர் மிச்சம், காற்றுமண்டலத்துக்குக் கரி கூடுதல். நீர் பஞ்சமான இடத்தில் இந்தப் பேரம் நியாயமாக இருக்கலாம். பகல் வெயிலில் உலர் குளிர்விப்பு தரும் நீர் 45 டிகிரிக்கும் மேலே நிற்கும் என்பதால் கரைப்பான் மீட்புக்கு மட்டும் அது உதவாது.

நடைமுறைக்கு நெருக்கமான மாற்று, நகரத்தின் கழிவுநீர். சென்னை மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலேயே குடிநீர் வாரியத்திடமிருந்து சுத்திகரித்த கழிவுநீரை வாங்கி, மேலும் தூய்மையாக்கிப் பயன்படுத்தத் தொடங்கின. 2019-இல் கொடுங்கையூரில் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் தரும் ஆர்.ஓ. நிலையம் மணலி, எண்ணூர் ஆலைகளுக்காகவே இயங்கத் தொடங்கியது. இத்தகைய நீரில் அம்மோனியா மிஞ்சினால் செப்புக் கலவைக் குழாய்களை அரிக்கும், குளோரினையும் தின்றுவிடும். பாஸ்பேட் மிஞ்சினால் படிவாகும். இரண்டையும் நீக்கிய பிறகே கோபுரத்துக்கு அது ஏற்றது. ஐதராபாத்தில் அம்பர்பேட்டை, நாகோல் போன்ற பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் மூசியின் கீழ்ப்போக்கில், நகரின் கிழக்கே இருக்கின்றன. மருந்து ஆலைகளோ எதிர்ப்புறத்து மேட்டில். நடுவே நீண்ட குழாயும் ஏற்றமும் வேண்டும் என்பதால் திட்டம் கணக்கிலேயே அடிபட்டுப் போகும். பாலாநகருக்கு அருகே ஃபத்தே நகரிலும் குகட்பள்ளிப் பகுதியிலும் கட்ட எடுக்கப்பட்ட புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் இந்தக் கணக்கை மாற்றக்கூடியவை. அங்கிருந்து ஜீடிமெட்லாவுக்குச் சில கிலோமீட்டர்தான்.